மணி கேட்டுப் போனவர்

ஜூன் 5, வியாழன்

இந்த டைரி அவருடையது. வெங்காயக் கமிஷன் கடை முதலாளி தை பிறந்ததும் மூட்டை தூக்குகிற ஆட்கள் எல்லாருக்கும் ஒன்று கொடுப்பார். அவர் ஒரு நாளும் அதில் எதுவும் எழுதியதில்லை. கரண்டு பில்லைச் செருகி வைப்பார், அவ்வளவுதான். இந்த வருஷத்து டைரியை வாங்கிவந்த மாதமே போய்விட்டார். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக வரும். யார் பார்க்கப்போகிறார்கள்.

இன்று நாடகக்காரர்கள் வந்தார்கள். மதுரையிலிருந்து ஏதோ அறக்கட்டளை அனுப்பியிருக்கிறது. தலைவி ஒரு சின்னப் பெண், இளவேனில் என்று பெயர். முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். ரயிலில் அடிபட்டுச் சாகிறவர்களைப் பற்றி நாடகம் போடப்போகிறார்களாம். கடைசியாகப் போனது எங்கள் வீட்டில்தான் என்பதால் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

"நாடகம் போட்டா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"ஜனங்க லைனைத் தாண்டுறதை நிறுத்துவாங்க அக்கா."

"அப்புறம் எப்படி அங்கிட்டுப் போறது?"

அந்தப் பெண் சிரித்தாள். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. காலனி இந்தப் பக்கம். மார்க்கெட், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, டீக்கடை எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் இரண்டு தண்டவாளம். கேட் தெற்கே வெகுதூரத்தில் இருக்கிறது, சுற்றிப் போனால் அரை மணி நேரம். அதனால் காம்பவுண்டுச் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் எல்லாரும் போகிறார்கள். நடைபாலம் கட்டுகிறோம் என்று தூண் மட்டும் எழுப்பிவிட்டுப் போனார்கள். அதில் இப்போது பக்கத்து வீட்டு ராக்கு எருமையைக் கட்டுகிறாள்.

சரி என்று சொல்லி அனுப்பினேன். காபி போட்டுக் கொடுத்திருக்கலாம், பால் இல்லை.

ஜூன் 9, திங்கள்

அவர் வேஷத்துக்கு மொக்கராசுவைப் பிடித்திருக்கிறார்கள். நாலாவது வீட்டுக்காரன், லைனுக்கு அந்தப் பக்கம் டீ மாஸ்டர். அவரை அண்ணே அண்ணே என்று சுற்றி வந்தவன். அவன் வந்து வாசலிலேயே நின்றான்.

"மதினி, நீங்க வேணாம்னா நான் போகலை."

"எனக்கென்ன, போ."

"அண்ணன் சட்டை ஒண்ணு கேக்குது அந்தப் பொண்ணு."

நீலக் கட்டம் போட்டதைக் கொடுத்தேன். துவைக்காமல் கொடியில் கிடந்தது. அப்படியே கொடுத்தேன்.

ஜூன் 14, சனி

ஒரு மூட்டைச் சின்ன வெங்காயம் உரித்தேன். ஓட்டலுக்குப் போகிறது. எனக்குக் கண் எரிவதில்லை, பழகிவிட்டது. ஆனாலும் பார்க்கிறவர்கள் அழுகிறாயா என்று கேட்கிறார்கள்.

சாயங்காலம் ஒத்திகை. பால்வாடிக்குப் பக்கத்தில் நடந்தது. போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். உரித்த தோலைக் கொட்ட அந்த வழியாகத்தானே போக வேண்டும்.

மொக்கராசு விரைப்பாக நடந்தான், போலீஸ்காரன் மாதிரி. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஏய்யா, அவரு எங்க இப்படி நடந்தாரு? வலது தோள் இறங்கியிருக்கும். தலை இடது பக்கம் சாயும். மூட்டை இல்லாதப்பவும் மூட்டை இருக்கிற மாதிரிதான் நடப்பாரு."

நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்து காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. மொக்கராசு பின்னாலேயே நடந்து பார்த்தான். நாலைந்து தரம் நடந்ததும் கொஞ்சம் வந்தது.

தோலைக் கொட்ட மறந்து கூடையோடு திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். ஒத்திகை இல்லை.

ஜூன் 18, புதன்

இன்று இருமலைச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்குள் நுழையும் முன் இரண்டு தரம் இருமுவார், உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. பீடியைக் காதில் செருகுவதும் சொன்னேன். மொக்கராசுவுக்கு மொச்சைக் குழம்பு கொஞ்சம் கொடுத்துவிட்டேன். நிறைய வைத்துவிட்டேன், வீணாகப் போகும்.

ஜூன் 22, ஞாயிறு

முதல் நாடகம். தப்படித்து ஊரைக் கூட்டினார்கள். எல்லாரும் வந்திருந்தார்கள். எனக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் பின்னால் போய் ராக்குவோடு உட்கார்ந்தேன்.

மொக்கராசு நீலச் சட்டையில் வந்தான். வீட்டு வாசல் என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் நின்று இரண்டு தரம் இருமினான். ராக்கு என் கையைப் பிடித்தாள். விடவேயில்லை.

அப்புறம் அவன் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தான். ஒத்திகையில் இது கிடையாது. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே தண்டவாளத்தில் போனான். தப்புச் சத்தம் ரயிலாக வந்தது. விழுந்தான். வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். ஒரு பையன் தட்டியைத் தூக்கிப் பிடித்தான்: காதில் போன், காலில் எமன்.

அதற்குள் மொக்கராசுவின் பொண்டாட்டி செல்லக்கண்ணு எழுந்துவிட்டாள்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்குத் துணியைப் போத்துறீங்களே, நீங்கள்லாம் படிச்சவங்களா? எந்திரிய்யா!"

அவன் எழவில்லை. நாடகம் முடியவில்லையே. இவள் போய்த் துணியை உருவினாள். ஊரே சிரித்தது. கடைசியில் அங்கேயே அவனைக் கிழக்குப் பார்த்து நிற்க வைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். இளவேனில் அதைப் போட்டோ எடுத்தாள்.

கிழவிகள் எல்லாம் தலைமுழுகாமல் வீட்டுக்குள் போகமாட்டோம் என்றார்கள். சாவைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது? இன்று குழாயில் தண்ணீர் வராத நாள். அதற்கு ஒரு சண்டை.

நானும் முழுகினேன்.

ஜூன் 23, திங்கள்

ரேஷன் கடையில் கூட்டம். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "அந்த மூட்டை தூக்குற ஆளு, போன் பேசிக்கிட்டே போய் மாட்டிக்கிட்டானாமே. என்ன அம்புட்டு அவசரம்."

எங்கள் காலனிக்காரர்கள்தான். தை மாதத்தில் தூக்கிப் போட வந்தவர்கள்தான். அவர்களுக்கே தெரியும், கூட்ஸ் வண்டி நின்றிருந்தது, அதன் பின்பக்கமாகச் சுற்றிப் போனபோது அடுத்த லைனில் எக்ஸ்பிரஸ் வந்தது என்று. ஒரு தரம் நாடகம் பார்த்ததும் மறந்துவிட்டார்கள்.

பருப்பு போடவில்லை. நாளை வரச் சொன்னார்கள்.

ஜூன் 26, வியாழன்

இளவேனிலிடம் சொன்னேன்.

"அம்மா, அன்னைக்கு அவரு கையில போன் இல்லை. வீட்டுல டிவி மேல சார்ஜ்ல கிடந்துச்சு. இப்பவும் அங்கதான் இருக்கு. வந்து பாரு."

அவள் கீழே பார்த்தாள். "தெரியும் அக்கா. ஆனா இது அவர் கதை மட்டும் இல்லையே. பாக்கிறவங்களுக்கு ஒரு பாடம் போகணும்."

"அப்ப பேரை மாத்து. சட்டையைக் கழட்டு."

"பணம் குடுக்கிற கம்பெனி போன்ங்கிற தலைப்புக்குத்தான் குடுக்குது. பாலத்தைப் பத்திப் போட்டா ஒரு பைசா வராது. என் சம்பளமே அதுலதான்."

பாவம், அவளுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

நான் இனிமேல் போகப்போவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பக்கத்து ஊரில் நாடகம். வேனில் இடம் இருக்கிறது என்றார்கள். போனேன். சும்மா வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய.

இருமல் இப்போது நன்றாக வருகிறது. போன் எடுக்கும் இடம் வந்ததும் நான் எழுந்து வேன் பக்கம் போய்விட்டேன். செல்லக்கண்ணு உப்பு மிளகாயோடு காத்திருந்தாள். முறத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

"ஒத்திகைக்கும் வந்தீங்க, இங்கயும் வாரீங்களே மதினி," என்றாள்.

"காத்தாட இருக்குன்னு வாரேன்."



ஜூலை 13, ஞாயிறு

நாத்தனார் சீனியம்மாள் வந்தாள். வந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ பஞ்சவர்ணம், என் தம்பி செத்து வருசம் திரும்பலை. நீ வேன் ஏறி நாடகம் பாக்கப் போறியாமே. அந்த டீக்கடைக்காரனுக்குச் சோறு குடுத்துவிடுறியாமே. ஊர் சிரிக்குது."

"குழம்புதான் குடுத்தேன்."

"குழம்புதான் குடுத்தாளாம்! போன்ல பேசிக்கிட்டே போய்ச் செத்தான் என் தம்பி. அதைக் கூத்துக்கட்டி வேற ஊர் ஊராக் காட்டுறீங்க."

"நீங்களுமா அப்படிச் சொல்றீங்க? போன் வீட்டுல இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எனக்கு என்னமோ அவன் பேசிக்கிட்டுப் போன மாதிரிதான் கண்ணுக்குள்ள நிக்குது," என்றாள்.

சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டாள். போகும்போது அழுதாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

அடுத்த ஞாயிறு மதுரையிலிருந்து ஒரு சார் வருகிறாராம். நாடகத்தால் என்ன பயன் என்று மதிப்புப் போடுவதுதான் அவர் வேலை. அவர் நல்லபடியாக எழுதினால் அடுத்த வருஷம் நாற்பது ஊரில் நடக்கும். எழுதாவிட்டால் இதோடு முடிந்தது.

இளவேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். கண்ணெல்லாம் சிவந்துபோனது. "அவர் உங்ககிட்டதான் முக்கியமா கேப்பார் அக்கா. நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க," என்றாள்.

நாற்பது ஊர். நாற்பது ஊரிலும் அவர் காதில் போனை வைத்துக்கொண்டு போவார். நாற்பது ஊரிலும் இரண்டு தரம் இருமிவிட்டு வருவார்.

தலை வலிக்கிறது.

ஜூலை 24, வியாழன்

மொக்கராசுவைப் பார்க்க டீக்கடைக்குப் போனேன். பருப்பும் வாங்க வேண்டியிருந்தது. முழங்கால் வலி என்பதால் கேட் வழியாகத்தான் போகிறேன், கல்லில் ஏறி இறங்க முடியவில்லை. வெயிலில் பாதி வழியில் திரும்பிவிடலாம் என்றிருந்தது.

மடியிலிருந்து அவர் போனை எடுத்துக் கல்லாப் பக்கம் வைத்தேன்.

"பாரு. இதுதான்."

அவன் பாலை ஆற்றிக்கொண்டிருந்தான். போனைப் பார்த்தான். தொடவில்லை.

"எனக்குத் தெரியும் மதினி. அன்னைக்கு ஓட்டைக்குப் பக்கத்துல எங்கிட்டதான் மணி கேட்டாரு. போன் இருந்தா ஏன் கேக்கணும்?"

"நீ என்ன சொன்னே?"

"ஆறாகப் போகுதுண்ணேன்னு சொன்னேன். வெரசாப் போகணும், லோடு வந்துருக்கும்னாரு. நான் பல் விளக்கிக்கிட்டு நின்னேன்."

இதை ஆறு மாதமாக அவன் என்னிடம் சொல்லவில்லை. கடைசியாக அவர் பேசியது மணி கேட்டதுதான் என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அந்தப் போனை எடுத்துரு மொக்கராசு. நாடகத்துல."

"எடுத்துட்டா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிரும் மதினி. நாடகமும் நின்னுரும்." கொஞ்சம் நிறுத்தி, "நின்னுட்டா, உங்களுக்கு..." என்றான்.

"பால் பொங்குது பாரு," என்றேன்.

ஒரு டீ கொடுத்தான். சர்க்கரை அதிகம்.

ஜூலை 27, ஞாயிறு

அந்த சார் வந்தார். நாடகம் மறுபடி எங்கள் காலனியில். பாக்கியநாதன் என்று பெயர். வயசாளி, கால் வீங்கியிருந்தது. முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையில் தாள் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

மொக்கராசு வந்தான். வலது தோள் இறங்கி, தலை சாய்ந்து, காதில் பீடி. வீட்டிலிருந்து வெளியே வந்தான். போன் எடுக்கும் இடம் வந்தது. பையில் கையை விட்டான். வெறும் கையை எடுத்தான். தேடுகிறவன் மாதிரி நின்றான். ஓரத்தில் இளவேனில் தன் போனைத் தூக்கிக் காட்டினாள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நேராக முன்வரிசைக்கு வந்து, குனிந்து, "மணி என்னாச்சுங்க?" என்று கேட்டான்.

பாக்கியநாதன் சார் வாட்சைப் பார்த்துவிட்டார். "ஏழேகால்," என்றார், நிஜமாகவே.

"வெரசாப் போகணும். லோடு வந்துருக்கும்."

போனான். இரண்டு பக்கமும் பார்த்தான். கைலியை மடித்துக் கட்டினான். கூட்ஸ் வண்டி நிற்பது போல் கையால் தடவிக்கொண்டே சுற்றிப் போனான். தப்படிக்கிறவன் கூட அடிக்க மறந்து நின்றான். அப்புறம் ஒரே அடி.

யாரும் சிரிக்கவில்லை. தட்டியை வைத்திருந்த பையன் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். ராக்குதான் எழுந்தாள்.

"அந்தப் பாலத்தை எப்பய்யா கட்டுவீங்க?" என்று சாரைப் பார்த்துக் கத்தினாள்.

"நான் பாலத்துக்கு வரலைம்மா," என்றார் அவர்.

"பின்ன எதுக்கு வந்தே?"

அப்புறம் எல்லாரும் கத்தினார்கள். நீ எருமையை அவிழ்த்தால்தான் பாலம் வரும் என்று ஒருவன் ராக்குவைச் சொல்ல, அது வேறு சண்டையானது. செல்லக்கண்ணு அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே உப்பு மிளகாயைச் சுற்றினாள்.

நான் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். வேன் பக்கம் போகவில்லை.

ஜூலை 28, திங்கள்

காலையில் சார் வீட்டுக்கு வந்தார். சேரில் காலை நீட்டி உட்காரச் சொன்னேன்.

"இந்த நாடகத்துனால ஏதாவது மாற்றம் வந்திருக்காம்மா?"

"எல்லாரும் அப்படியேதான் தாண்டுறாங்க சார். நேத்து நடிச்சவனே இன்னைக்குக் காலையில ஓட்டை வழியாத்தான் வேலைக்குப் போனான். நான் இங்க நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தினமும் பார்ப்பீங்களா?"

"அவன் அங்கிட்டு ஏறுற வரைக்கும் பாப்பேன். வேற வேலை இல்லையே."

எழுதினார். "நீங்க லைனைத் தாண்டுவீங்களா?"

"முழங்கால் வலி சார். கேட் வழியாத்தான்."

"எப்ப இருந்து வலி?"

"தை மாசத்துல இருந்து."

என்னைப் பார்த்தார். அதை எழுதவில்லை.

"உங்களுக்குன்னு ஏதாவது பிரயோஜனம்? மனசுக்கு ஆறுதல் மாதிரி?"

இளவேனில் சொன்ன நாலு வார்த்தை எனக்கு நினைவிருந்தது. அந்தப் பெண்ணுக்காகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாற்பது ஊரிலும் மறுபடி போனைக் கொடுத்துவிடுவார்கள்.

"நடை கொஞ்சம் சரியா வந்துச்சு சார்," என்றேன்.

"யாரு நடை?"

"மொக்கராசு நடை."

பேனாவைத் தாளில் கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்த்தார், எதிலும் எழுதவில்லை. பிறகு தண்ணீர் கேட்டார். போகும்போது தன் நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்து, வேறு ஏதாவது தோன்றினால் கூப்பிடச் சொன்னார்.

ஆகஸ்ட் 9, சனி

நாடகம் நின்றுவிட்டது. செய்தி தெளிவாகப் போய்ச் சேரவில்லை, ஜனங்களின் நடத்தையில் மாற்றம் இல்லை என்று எழுதிவிட்டாராம்.

இளவேனில் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அவளுக்கு வேறு வேலை கிடைத்துவிடும் என்றாள். முகத்தில் தெளிவில்லை.

"என் மேல கோவமா அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைக்கா. அன்னைக்குப் போட்டதுதான் நாடகம். எனக்கே தெரியும். அவருக்கும் தெரிஞ்சிருக்கு. ஆனா அதை எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னுதான் தெரியலையாம்."

இருவரும் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தோம்.

சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நல்ல மனசோடுதான் செய்திருக்கிறாள். துவைக்காமல் கொடுத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூட்டை வந்தது. உரித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ரேஷன் கடையில் பருப்பு போட்டார்கள். வரிசையில் யாரோ அவரைப் பற்றிப் பேசினார்கள். "பாவம், மணி கேட்டுட்டுப் போனாராமே," என்றார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். என் முறை வந்ததே தெரியவில்லை. கடைக்காரர் சத்தம் போட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒத்திகை நடந்த இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தோல் கொட்டப் போனேன், வந்தேன்.

இந்த வாரம் முழுக்கக் காலையில் ஓட்டைப் பக்கம் மொக்கராசுவைக் காணவில்லை. உடம்பு சரியில்லையோ என்னவோ. நான் எதற்குப் போய்க் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி

காலையிலேயே செல்லக்கண்ணு வந்து வாசலில் நின்றாள். இடுப்பில் கை.

"மதினி, எல்லாம் உங்களாலதான்."

 நாத்தனார் சொன்னது இவள் காதுக்கும் போயிருக்கும் என்று நினைத்தேன்.

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"அந்த மனுசன் ரெண்டு வாரமா லைனைத் தாண்ட மாட்டேங்குறாரு. விடியக்காலையில நாலரைக்கே எந்திரிச்சு என்னையும் எழுப்பிவிட்டுட்டு கேட்டைச் சுத்திப் போறாரு. ராத்திரி அரை மணி நேரம் லேட்டு. சோறு ஆறிப்போகுது. கேட்டா, மதினி நின்னு பாக்குது, அது பாக்கையில எப்படித் தாண்டுறதுங்குறாரு. நீங்க காலையில எந்திரிச்சு ஏன் அங்கன நிக்கிறீங்க? படுத்துத் தூங்கினா என்ன?"

 எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம். அவளுக்கும் வந்துவிட்டது. உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். இன்று பால் இருந்தது.

சாயங்காலம் கேட்டுக்குப் போனேன். ரேஷன் கடையில் வேலை இல்லை. சும்மாதான் போனேன். இருட்டும் நேரத்துக்கு மொக்கராசு வந்தான். அவன் நடைதான் நடந்தான். அவருடையது இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

"நான் பாக்குறேன்னா சுத்தி வாரே?" என்று கேட்டேன்.

"அது அவகிட்டச் சொன்னது மதினி." துண்டால் கழுத்தைத் துடைத்தான். "ஊர் ஊராப் போயி செத்துச் செத்து எனக்கு அலுத்துப்போச்சு."

சேர்ந்து நடந்தோம். வழியெல்லாம் டீத்தூள் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். தெருமுனை வந்ததும் அவன் முன்னால் போகட்டும் என்று நின்றுகொண்டேன். அவன் வீட்டு வாசலில் நுழையும் முன் இரண்டு தரம் இருமினான். தெரிந்து செய்தானா, பழக்கத்தில் வந்ததா, கேட்கவில்லை.

ஒரு மாற்றம் வந்திருக்கிறதைப் பாக்கியநாதன் சாரிடம் சொல்லலாம் என்று அவர் கொடுத்த சீட்டைத் தேடி எடுத்தேன். டிவி மேலிருந்து போனையும் எடுத்தேன். சார்ஜ் முழுசாக இருந்தது. நம்பரைப் பாதி போட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஒரு ஆள்தானேம்மா என்பார்.

ஒரு ஆள்தான்.